பின் 13-இல் என்ன நடக்கிறது: லினக்ஸ் சிஇசி சட்டகத்துக்குத் தமிழில் ஒரு குறிப்பேடு

டிவியை அணைக்கச் சொல்லி அனுப்பினால் ‘சரி’ என்று பதில் வருகிறது, டிவி அணையவில்லை. லினக்ஸில் எச்டிஎம்ஐ சிஇசியோடு, அதாவது எச்டிஎம்ஐ கேபிளுக்குள் ஒற்றைக் கம்பி வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முறையோடு, மல்லுக்கட்டும் எவரும் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு வரும் ஆவணத்தில் எந்த அழைப்பு என்ன செய்யும், என்ன பிழை தரும் என்பதெல்லாம் துல்லியமாக உண்டு. ஆனால் அந்த ‘சரி’யை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது கம்பியில் கைவைத்தால்தான் விளங்கும். அதனால் இந்தக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு கட்டம் போட்டோம்: நிரல் என்ன கேட்டது, சட்டகம் (கெர்னலில் சிஇசியைக் கையாளும் பகுதி) என்ன பதில் தந்தது, கம்பியில் என்ன ஓடியது, டிவி என்ன செய்தது. நான்காவது கட்டம் காலியாகக் கிடந்தால் அந்தப் பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை.

சோதித்த இடங்கள் இரண்டு. ஒன்று நாகர்கோவிலில் ஒரு வீட்டுக் கூடம்: சுவரில் டிவி, அடியில் சவுண்ட்பார், அதன் இரண்டாவது உள்ளீட்டில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி. மற்றது குளச்சலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. அங்கே சவுண்ட்பார் கிடையாது, பை நேராக டிவியில். இந்த இரண்டாவது வீடு இல்லையென்றால் குறிப்பேட்டில் பாதிப் பக்கம் எழுதியிருக்க முடியாது. காரணம் உப்புக்காற்று, அது பின்னால் வரும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் சொந்த எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். செய்தி எண்களும் நிலை எண்களும் ஹெக்ஸ், அதாவது பதினாறடிமான எண்கள்.

மேசைக்கு வேண்டியவை

ராஸ்பெரி பை 4 ஒன்று, கட்டுப்படுத்த. பழைய பை 3 ஒன்று, ஒட்டுக்கேட்க. எச்டிஎம்ஐ பிரேக்அவுட் போர்டு ஒன்று. இரண்டு பக்கமும் பெண் சாக்கெட் வைத்து, 19 பின்னையும் வெளியே எடுத்துத் தருவதாக இருக்க வேண்டும். 10 கிலோ ஓம், 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் தலா ஒன்று. மல்டிமீட்டர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி. மென்பொருளில் வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பு போதும். சிஇசி-சிடிஎல், சிஇசி-ஃபாலோயர், சிஇசி-கம்ப்ளையன்ஸ் மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

இதில் எதுவும் கையில் இல்லாதவர்களும் பாதி வேலையைச் செய்து பார்க்கலாம். கெர்னலிலுள்ள விவிட் என்ற போலி வீடியோ ட்ரைவர், சிஇசி ஆதரவோடு தொகுத்திருந்தால், போலி டிவியையும் போலி பிளேயரையும் தானே உண்டாக்கிப் பின்னிவிடும். அழைப்புகளின் பக்கங்களை முதலில் விவிட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினோம். அதில் உப்பு பிடிக்காது, கரண்டும் போகாது என்பதுதான் குறை.

பை 3-ஐ ஒட்டுக்கேட்க வைக்கும் முறை: பிரேக்அவுட்டின் பின் 13-லிருந்து பையின் 26ஆம் காலுக்கு, அதாவது ஜிபிஐஓ 7-க்கு, ஒரு வயர். பின் 17 தரை. அது பக்கத்திலேயே இருக்கும் 25ஆம் காலுக்கு. பின் 19-இல் வரும் ஹாட்பிளக், அதாவது டிவி மாட்டியிருக்கிறது என்ற குறி, 5 வோல்ட். அதை நேரே கொடுத்தால் கால் போய்விடும். 10 கிலோ ஓம் மேலே, 15 கிலோ ஓம் கீழே வைத்துப் பிரித்தால் 3 வோல்ட் கிடைக்கும்; அதை 11ஆம் காலுக்கு, ஜிபிஐஓ 17-க்குக் கொடுங்கள். ஜிபிஐஓ 7-ஐத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு உண்டு. பையில் 0 முதல் 8 வரையான ஜிபிஐஓ கால்கள் பூட் ஆகும்போதே புல்-அப்பில் (மேலே இழுக்கும் ரெசிஸ்டரோடு) நிற்கும், மற்றவை புல்-டவுனில் (கீழே இழுப்பதோடு). புல்-டவுன் காலைத் தொட்டால் அதன் 50 கிலோ ஓம், டிவியின் 27 கிலோ ஓம் புல்-அப்போடு இழுபறி போட்டு, கம்பியை 2.1 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும். ‘உயர்’ என்று ஏற்கக் குறைந்தது 2.0 வேண்டும். விளிம்பில் நிற்கும் கம்பியை வைத்து ஆவணம் எழுத முடியாது.

எஸ்பிஐ (பையின் இன்னொரு தொடர்பு வழி) அணைந்திருக்க வேண்டும், ஜிபிஐஓ 7 அதற்கும் பயன்படும் கால். சாதாரண ஜிபிஐஓ காலையே சிஇசிக் கம்பியாக்கும் சிஇசி-ஜிபிஐஓ மாட்யூல் உங்கள் கெர்னலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இல்லையென்றால் தொகுத்து, எந்தக் காலில் என்ன மாட்டியிருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ ஓவர்லே ஒன்றும் எழுத வேண்டியிருக்கும். இன்னொன்று: ஒட்டுக்கேட்கும் பையை அணைத்துவிட்டு வயரை மாட்டியபடியே விட்டுப் போகாதீர்கள். மின்சாரம் இல்லாத கால் கம்பியைக் கீழே இழுத்துப் பிடிக்கும். வீட்டு டிவியின் சிஇசி முழுக்க ஊமையாகும்.

கம்பியின் கணக்கு

ஒரே கம்பி, ஓப்பன் டிரெய்ன். சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட், பேச நினைப்பவர் தரைக்கு இழுப்பார். தொடக்க பிட் 4.5 மில்லிநொடி, அதில் 3.7 தாழ்வு. தரவு பிட் ஒவ்வொன்றும் 2.4 மில்லிநொடி, 1.5 தாழ்ந்திருந்தால் பூஜ்யம், 0.6 தாழ்ந்திருந்தால் ஒன்று. எட்டு பிட் தரவு, முடிவுக்குறி ஒன்று, ஏற்புக்குறி ஒன்று, ஆகப் பத்து பிட் ஒரு கட்டை. ஒரு செய்தியில் அதிகபட்சம் 16 கட்டை.

‘ஸ்டாண்ட்பை’, அதாவது 36, இரண்டே கட்டை: 52.5 மில்லிநொடி. 16 கட்டையும் நிரம்பிய செய்தி 388.5 மில்லிநொடி. இந்தச் சின்னக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டால் சட்டகத்தில் பல எண்களுக்கு அர்த்தம் புரியும். ட்ரைவர் பதிலே தராமல் போனால் சட்டகம் 2100 மில்லிநொடி காத்திருந்து கைவிடும். நீளமான செய்திக்கு 400 வீதம் ஐந்து முறை, மேலே 100 கொசுறு.

பையின் முனையில் மட்டும் கவனம் வேண்டும். முழு அளவு எச்டிஎம்ஐயில் சிஇசி 13ஆம் பின். பை 4-இன் மைக்ரோ எச்டிஎம்ஐயில் அது 15ஆம் பின். கேபிளின் தொடர்ச்சியைச் சோதிக்கும்போது 13-க்கும் 13-க்கும் பீப் தேடி, கேபிள் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு.

சட்டகம்

ஹான்ஸ் வெர்குயில் முன்னின்று கொண்டுவந்த இந்தச் சட்டகம் 2016-இல் கெர்னல் 4.8-இல் ஸ்டேஜிங் என்ற தற்காலிகப் பகுதிக்குள் நுழைந்து, 2017-இல் 4.10-இல் மீடியா பகுதியின் நிரந்தர இடத்துக்கு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு சில்லுக்கும் அதனதன் பாணியில் ஒரு ஒட்டுவேலை. இப்போது எந்த அடாப்டராக இருந்தாலும் டெவ் அடைவில் சிஇசி0, சிஇசி1 என்று ஒரே முகம். பை 4-இல் இரண்டு எச்டிஎம்ஐக்கும் தனித்தனியாக வரும். யூஎஸ்பி-சி பவர் சாக்கெட்டை ஒட்டிய துளைதான் எச்டிஎம்ஐ0.

ட்ரைவர் எழுதுபவருக்கான பக்கத்தில் மூன்று செயல்கூறுகள் கட்டாயம்: அடாப்டரை இயக்க ஒன்று, தருக்க முகவரியை (கம்பியில் கருவிக்கு உள்ள 0 முதல் 15 வரையான எண்) வன்பொருளுக்குச் சொல்ல ஒன்று, அனுப்ப ஒன்று. அனுப்பும் கூறு வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். முடிவை, வேலை முடிந்தது என்று வன்பொருள் தரும் இண்டரப்ட் வந்த பிறகு சிஇசி-டிரான்ஸ்மிட்-டன் அழைப்பில் சொல்ல வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. வன்பொருளே மறுமுயற்சி செய்கிற சில்லாக இருந்தால், தோல்வியைச் சொல்லும்போது ‘மறுமுயற்சி முடிந்தது’ என்ற பிட்டையும் சேர்த்துத் தர வேண்டும். மறந்தால் சட்டகம் தன் பங்குக்கு மறுபடி அனுப்பச் சொல்லும், வன்பொருள் ஒவ்வொன்றுக்கும் தன் மறுமுயற்சியைச் செய்யும். அணைந்து கிடக்கும் ஒரு கருவிக்கு அனுப்பிய ஒற்றைச் செய்தி கம்பியை நீண்ட நேரம் அடைத்துக்கொள்ளும். சிஇசி-சிடிஎல்லின் அனலைஸ்-பின் வசதியில் பதிந்து பார்த்தால் ஒரே தலைப்புக் கட்டை வரிசையாக நிற்பது தெரியும்.

பயன்பாட்டு நிரலுக்கான பக்கத்தில் எழுதவேண்டியது அதிகம் என்று தோன்றும். உண்மையில் அனுப்பும் அமைப்பிலுள்ள நிலைப் பிட்டுகளைப் புரியவைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். 01 என்றால் சரி. 02 மற்றவர் முந்திக்கொண்டார். 04 யாரும் ஏற்கவில்லை. 08 எதிர்முனை பிழை கண்டு கம்பியை நீண்ட நேரம் கீழே பிடித்தது. 10 வேறு பிழை. 20 மறுமுயற்சி தீர்ந்தது. 40 கைவிடப்பட்டது, 80 நேரம் கடந்தது. ஆக 24 என்று கண்டால் 20-உம் 04-உம் சேர்ந்தது: திரும்பத் திரும்பக் கேட்டும் ஆளில்லை.

08 இயல்பாக வரக் காத்திருந்தால் மாதக்கணக்காகும். சிஇசி-ஜிபிஐஓவில் பிழையூட்டும் வசதியைத் தொகுத்திருந்தால், கெர்னலின் சோதனைக் கோப்பிடமான டீபக்எஃப்எஸ்ஸில் எர்ரர்-இன்ஜ் என்ற கோப்பு இருக்கும். ‘இத்தனையாவது பிட்டில் கம்பியைக் கீழே பிடி’ என்று அதில் எழுதினால் பை 3 அப்படியே செய்யும். நிலைப் பிட்டுகளின் பக்கம் முழுவதையும் இப்படி வேண்டுமென்றே கெடுத்துத்தான் சரிபார்த்தோம்.

‘சரி’ சொல்லும் பொய்

இனி முக்கியமான இடம். ஒருவருக்கு மட்டும் அனுப்பும் செய்தியில், பெறுபவர் ஏற்புக்குறியின்போது கம்பியைக் கீழே இழுத்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். எல்லோருக்கும் அனுப்பும் செய்தியில், அதாவது 15ஆம் முகவரிக்கு அனுப்பும்போது, பொருள் தலைகீழ்: யாராவது இழுத்தால் மறுப்பு, யாரும் இழுக்காவிட்டால் வெற்றி. அப்படியென்றால் கம்பியில் ஒரு ஆளும் இல்லாவிட்டாலும் பொதுச்செய்திக்கு 01 வரும்.

சிஇசி கம்பியே இல்லாத மலிவு கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். படம் வரும், ஒலி வரும். ஹாட்பிளக்கும், டிவி தன்னைப் பற்றித் தரும் விவரமான இடிஐடியும் வேறு கம்பிகளில் போவதால் பை தன் இடமுகவரியை (எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பதை) 1.0.0.0 என்று சரியாகவே படிக்கும். தருக்க முகவரி பிடிக்க 4-க்குத் தானே ஒரு வெற்றுச் செய்தி அனுப்பும்; யாரும் ஏற்காததால் 4 காலி என்று எடுத்துக்கொள்ளும். பொதுவில் ஸ்டாண்ட்பை அனுப்பினால் 01. எல்லாம் பச்சை, டிவி மட்டும் அசையாது. அடையாளம் காண ஒரு வழி: முகவரி 0-க்கு, டிவிக்கு மட்டும், எதையாவது அனுப்புங்கள். 24 வந்தால், கம்பியில் உள்ள கருவிகளைக் காட்டும் ஷோ-டோபாலஜியிலும் உங்களைத் தவிர யாரும் இல்லையென்றால், முதலில் டிவியின் மெனுவைப் பாருங்கள். சிஇசி என்ற பெயரில் அங்கே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சாம்சங்கில் எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க். அதுவும் ஓடிக்கொண்டிருந்தால் கேபிளை மாற்றுங்கள். குறிப்பேட்டில் இந்தப் பக்கத்தைத்தான் முதல் பக்கமாக வைத்திருக்கிறோம், கெர்னல் ஆவணத்தின் வரிசைக்கு இது ஒத்துவராது என்றாலும்.

சரியான கேபிளிலும் ஏற்பு என்பது ‘காதில் விழுந்தது’ என்பதோடு சரி. டிவியை எழுப்பும் 04-ஐ ஏற்றுக்கொண்டு எழாமலே கிடக்கும் டிவி உண்டு. ஆகவே எழுப்பிய பின் நிலையைக் கேட்க வேண்டும்: 8எஃப் அனுப்பி, அமைப்பின் பதில் புலத்தில் 90 என்று வைத்தால் சட்டகமே பதிலுக்குக் காத்திருக்கும், காலவரம்பு பூஜ்யமாக விட்டால் 1000 மில்லிநொடி. பதிலில் 0 என்றால் இயங்குகிறது, 1 உறக்கம், 2 எழுந்துகொண்டிருக்கிறது, 3 உறங்கப் போகிறது. டிவிக்கு அந்தக் கேள்வியே தெரியாவிட்டால் ‘முடியாது’ என்ற 00 செய்தி வரும். அப்போது அனுப்பு நிலை 01 ஆகவே இருக்கும், பெறு நிலையில் 04 பிட் ஏறியிருக்கும். இரண்டு நிலைகளையும் பார்க்காத நிரல் இங்கேதான் ஏமாறும்.

கரண்ட் போய் வந்தால்

இன்வெர்ட்டரில் பை ஓடிக்கொண்டிருக்கும், டிவி மின்வாரிய லைனில் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் இதுதான் வழக்கமான ஏற்பாடு. கரண்ட் போனதும் ஹாட்பிளக் இறங்கும். பையின் இடமுகவரி எஃப்.எஃப்.எஃப்.எஃப் ஆகும், தருக்க முகவரி கழன்றுவிடும். அந்த நேரம் அனுப்பினால் ஈநோநெட் (முகவரி இல்லை) என்ற பிழை. கரண்ட் வந்து இடிஐடி மீண்டும் கிடைத்ததும் சட்டகம் பழைய அமைப்பை நினைவில் வைத்துத் தானாகவே முகவரியைப் பிடித்துக்கொள்ளும். நிரலை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. நிரல் செய்ய வேண்டியது, நிலைமாற்ற நிகழ்வைக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும். ஆனால் ஹாட்பிளக் ஏறிய உடனே டிவியின் சிஇசிப் பகுதி விழித்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்த இடைவெளியில் 24 வரும். இரண்டு நொடிக்கு ஒரு முறை வீதம் அரை நிமிடம் முயன்றுவிட்டுக் கைவிடுவது போதும்.

உறக்கத்திலேயே ஹாட்பிளக்கை இறக்கிவிடும் டிவிகள் தனிச் சாதி. அவற்றை எழுப்ப முகவரியே இல்லாமல் பேச வேண்டும்: 15-லிருந்து 0-க்கு, பதிவுசெய்யாத ஆளாக, 04-ஐ அனுப்புவதைச் சட்டகம் அனுமதிக்கிறது. ஹாட்பிளக் இல்லாமல் இயங்கவே முடியாத அடாப்டரில் மட்டும் இது நடக்காது. திறன் பட்டியலில் நீட்ஸ்-எச்பிடி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

உப்பு

குளச்சல் வீட்டில் வந்த பிழை ஒழுங்கில்லாதது. மத்தியானம் எல்லாம் வேலை செய்யும். விடிகாலையில் 24, நடுநடுவே 08. அதே கேபிளை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து சவுண்ட்பாரின் வழியில் போட்டால் ஒரு பிழையும் இல்லை.

கேபிளின் இரு முனையையும் கழற்றி, பிரேக்அவுட் வழியாக 13-க்கும் 17-க்கும் இடையே ஓம் அளந்தால் திறந்த சுற்றாக இருக்க வேண்டும். இங்கே காட்டியது 35 கிலோ ஓம் அளவில். பிளக்கின் உள்ளே பின்களுக்கு இடையில் வெள்ளை பூத்திருந்தது. ஈரப்பதம் ஏறும்போது அது கடத்தும். ஒரே ஒரு 27 கிலோ ஓம் புல்-அப்புக்கு எதிரே 41 கிலோ ஓம் கசிவு இருந்தாலே கம்பி 2.0 வோல்ட்டுக்கு வந்துவிடும், 35-இல் 1.9-க்குள். சவுண்ட்பாரும் சேர்ந்தால் இரண்டு புல்-அப்பும் இணையாகி 13.5 கிலோ ஓம் ஆகும்; கசிவு 21 கிலோ ஓமுக்குக் கீழே போனால்தான் பிழை தெரியும். அதிகக் கருவிகள் மாட்டிய வீட்டில் நோய் ஒளிந்துகொள்ளும், ஒற்றைக் கருவி வீட்டில் வெளியே வரும். மென்பொருளில் மறுமுயற்சியைக் கூட்டி இதைச் சரிக்கட்டப் பார்ப்பது வீண்வேலை.

ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால் பிளக்கையும் டிவியின் சாக்கெட்டையும் மெல்லத் தேய்த்து அரைமணி நேரம் உலரவிட வேண்டும். அதற்கு முன் டிவியின் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கழுவிய பின் ஓம் அளவில் திறந்த சுற்று வந்தால்தான் மாட்ட வேண்டும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது கணக்கில்லை.

ஐப்பசி இடிக்குப் பிறகு வரும் சேதம் வேறு மாதிரி. கேபிள் டிவி கோஆக்ஸ் வழியாக ஏறிய அடியில் படம் தப்பித்து, சிஇசிக் கால் மட்டும் போயிருக்கும். மின்சாரம் துண்டித்து, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைத் தரையிலும் கருப்பை 13-இலும் வைத்துப் பாருங்கள். பூஜ்யத்தையொட்டி வந்து பீப் அடித்தால் காப்பு டையோடு குறுக்கே ஒட்டிவிட்டது. கேபிள் மாற்றிப் பயனில்லை.

ஒரே முகவரிக்கு இரண்டு பேர்

கோடி என்ற மீடியா பிளேயர் ஓடும் பையில் சோதனை செய்பவர்களுக்கு: கோடி பயன்படுத்தும் லிப்சிஇசி, சாதனத்தைத் தனியுரிமைப் பின்தொடர்பவராக (வரும் செய்திகளுக்குத் தான் மட்டும் பதில் சொல்பவராக)த் திறந்து வைத்திருக்கும். சிஇசி-ஃபாலோயரை அதே சாதனத்தில் ஓட்ட முயன்றால் ஈபிஸி, அதாவது வேறொருவர் பிடியில் இருக்கிறது என்ற பிழை. அதைவிட மோசம், அடையாளம் காட்டாமல் வருவது: ‘பிளேபேக்’ விருப்பத்தோடு சிஇசி-சிடிஎல்லைத் தட்டினால் அது இருக்கும் முகவரியைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கும். கோடியின் ரிமோட் நின்றுபோகும், காரணம் எங்கும் எழுதியிராது. ஏற்கனவே முகவரி இருக்கும் இடத்தில் அந்த விருப்பத்தை விட்டுவிட்டு, ஸ்கிப்-இன்ஃபோவும் பெறுபவர் எண்ணும் செய்தியும் மட்டும் கொடுங்கள்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துபவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரே பையில் எல்லா அறை டிவியையும் அணைக்க முடியுமா? முடியாது. ஒவ்வொரு டிவியும் தனக்கு வேராக நிற்கும் தனிக் கம்பி. ஸ்ப்ளிட்டர் போட்டாலும் அதில் சிஇசி பொதுவாக ஒரு வெளியீட்டுக்குத்தான் போகும். அறைக்கு ஒரு அடாப்டர் வைத்து, அவற்றை நெட்வொர்க்கில் கட்டுவதுதான் வழி.

சரிபார்க்கும் பக்கம்

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுப்பும் வரிசை மட்டும். முகவரி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் 15-லிருந்து 0-க்கு 04 அனுப்பி, நிலைமாற்ற நிகழ்வுக்கு 30 நொடி காத்திரு. இருந்தால் 0-க்கு 04. பிறகு நொடிக்கு ஒரு முறை 8எஃப். பதில் 0 வந்ததும் நம் இடமுகவரியோடு ‘திரை என்னுடையது’ என்ற 82-ஐப் பொதுவில் அனுப்பு. நாகர்கோவில் வீட்டில் அந்த முகவரி 1.2.0.0, குளச்சலில் 1.0.0.0, நிரலுக்குள் எண்ணாக எழுதி வைக்காமல் ஒவ்வொரு முறையும் சட்டகத்திடமே கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் யாராவது கேபிளை வேறு துளைக்கு மாற்றிக் குத்துவார்கள். 82 பொதுச்செய்தி என்பதால் அதன் 01-ஐ நம்பாமல், இரண்டு நொடி கழித்துப் பொதுவில் ‘திரை யாரிடம்’ என்ற 85-ஐ அனுப்பிக் கேளுங்கள். வேறொரு கருவி 82 சொல்லிப் பதில் தந்தால் திரை இன்னும் அதனிடம்தான். பதில் ஏதும் வராவிட்டால் அதுவும் வெற்றிக்குச் சான்றில்லை. அந்த இடத்தில் நான்காவது கட்டத்தை டிவியைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.